நேரசூசியா, ஞாயிறா, ஆளா? மாரியிலும் தாங்குகிற வீட்டு ஒழுங்கு எது

வீட்டு வேலையை எப்படி ஒழுங்காக வைத்திருப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். கந்தோருக்குப் போகிறவர், எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிடு என்பார். யூடியூப் பார்க்கிறவர், நாளுக்கொரு வேலை என்று நேரசூசி போடு என்பார். கையில் காசு புழங்குகிறவர் ஆள் வைக்கச் சொல்வார். அம்மாமாரைக் கேட்டால், "வெள்ளன எழும்பினா எல்லாம் முடியும் மகள்" என்பதோடு சரி.

இதில் எதுவும் பொய்யில்லை. பங்குனி வெயிலில் இவை எல்லாமே நன்றாக ஓடும். காலையில் கொடியில் போட்ட உடுப்பு மத்தியானத்துக்குள் காய்ந்து மொறுமொறுக்கும். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இல்லை, கரண்ட் இருக்கிறது, மீன்காரர் வருகிறார். மட்டக்களப்பில் ஒரு முறை நிற்குமா விழுமா என்பதை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் பார்க்க வேண்டும். வாடைக்காற்றோடு மழை இறங்கி, நாலு நாள் வெயிலே காணாமல், வளவில் தண்ணீர் நின்று, கடைசிப் பிள்ளைக்கு இருமலும் பிடித்து, அதோடு கந்தோரில் வெள்ள அறிக்கையும் கேட்டால் எந்த முறை மிஞ்சும்? இந்த ஒப்பீட்டுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான். நல்ல கிழமையில் எது அழகாக ஓடுகிறது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

எந்த வீட்டை மனதில் வைத்து எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புருசன், மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். பள்ளிக்கூடம் போகிற மூன்று பிள்ளைகள். வீடு மனைவிக்குச் சீதனமாக வந்தது, அதே வளவில் அல்லது பக்கத்து வளவில் அம்மா. வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரைக்கும், தமிழர் வீடானாலும் முஸ்லிம் வீடானாலும், இந்த அமைப்பு நிறையவே உண்டு. பள்ளிக்கூடம் காலை 7.30க்குத் தொடங்கி மத்தியானம் 1.30க்கு விடுகிறது. அரச கந்தோர் 8.30இலிருந்து 4.15 வரை. நடுவில் இருக்கும் அந்த மூன்று மணித்தியாலத்தை யாரோ ஒருவர் நிரப்புகிறார். பெரும்பாலும் அம்மம்மா, முஸ்லிம் வீட்டில் உம்மம்மா.

எல்லா வேலையும் ஒன்றல்ல

முறைகளைப் பார்க்க முன்னம் வேலைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிரிக்காமல் ஒப்பிட்டால் எந்த முறையும் குறையாகத்தான் தெரியும்.

சில வேலை ஒரு நாள் விட்டாலே பழுதாகிப்போகும். மீன், எச்சில் பாத்திரம், ஈர உடுப்பு. சில வேலைக்கு ஒரு கிழமை தவணை உண்டு: மலசலகூடம், படுக்கை விரிப்பு, குளிர்சாதனப் பெட்டிக்குள் துடைத்தல், வளவில் தண்ணீர் தேங்கும் இடம் பார்த்தல். மிச்சம் உள்ளவை மாதக்கணக்கில் காத்திருக்கும். சிலந்தி வலை, திரைச்சீலை, அலுமாரிக்கு மேலே கிடக்கிற பழைய சூட்கேஸ் எல்லாம் அந்த வகை. அதைத் திறந்து பார்க்காததால் யாருக்கும் காய்ச்சல் வந்ததில்லை.

இந்த மூன்றாவது வகையை நேரசூசியில் எழுதவே வேண்டாம் என்பது என் கட்சி. அதற்கு நம்முடைய ஊரே தவணை வைத்திருக்கிறது. பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் வீடு தட்டித் துடைத்தாக வேண்டும். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு வந்தால், கோயில் கதவு திறந்து, கடைசிச் சடங்கான குளிர்த்தி முடியும்வரை வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. சட்டி பானை முதல் எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் விரதம் பிடிப்பார்கள். முஸ்லிம் வீடுகளில் நோன்புக்கு முன்னம் நடக்கிற துப்புரவைச் சொல்லவே தேவையில்லை, சுவரும் சேர்ந்து வெள்ளையாகும். வருசத்தில் மூன்று நாலு தடவை வீட்டார் எல்லோரும் சேர்ந்து இறங்குகிற வேலை அது. அதைக் கொண்டுபோய் 'புதன்கிழமை: அலுமாரி' என்று எழுதி வைத்தால், ஒவ்வொரு புதனும் குற்றம் செய்த மாதிரி மனசு குத்தும். அவ்வளவுதான் அதில் கிடைக்கிற லாபம்.

ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினால்

இந்த முறைக்குப் பெரிய கவர்ச்சி உண்டு. கிழமை நாட்களில் மூளைக்கு ஓய்வு. ஒரே நாளில் எல்லாம் முடிந்தது என்ற நிம்மதி.

ஆனால் பள்ளிக்கூட உடுப்பு இதற்கு இடம் கொடாது. நம் நாட்டில் சீருடை வெள்ளை. காத்தான்குடி, சாய்ந்தமருது பக்கம் பெண் பிள்ளைகளுக்கு நீளச் சட்டை, காற்சட்டை, பர்தா என்று வெள்ளை இன்னும் கூடும். மூன்று பிள்ளைகளுக்கும் கிழமைக்கு ஒருமுறைதான் தோய்ப்பது என்றால் ஒவ்வொருவருக்கும் ஐந்து சோடி வேண்டும். அரசாங்கம் தரும் துணியோடு கடையில் எடுத்துத் தைத்தாலும் அனேக வீடுகளில் இரண்டு சோடி, மிஞ்சினால் மூன்றுதான் இருக்கும். சரி, ஐந்து சோடி தைத்துவிட்டோம் என்றே வைப்போம். பதினைந்து வெள்ளைச் சீருடையும் சனி, ஞாயிறு இரண்டு நாளுக்குள் தோய்த்து, காய்ந்து, அயன் பட்டுத் திங்கள் காலையில் நிற்க வேண்டும். கார்த்திகை மழையில் விறாந்தை முழுக்கக் கயிறு கட்டினாலும் அது காயாது. காயாத உடுப்பில் கிருமி பெருகி ஒரு புளித்த மணம் பிடிக்கும். பிறகு அயன் பண்ணினாலும் போகாது, திரும்பத் தோய்க்க வேண்டியதுதான்.

அதை விட்டாலும், ஞாயிறு எங்கே சும்மா கிடக்கிறது? காலையில் அறநெறி, இல்லையென்றால் பூசை. பிறகு ரியூசன். ஐந்தாம் வகுப்பில் பிள்ளை இருந்தால் புலமைப்பரிசில் வகுப்பு வேறு. கலியாண வீடு, சாமத்திய வீடு எல்லாம் அந்த நாளில்தான். ஞாயிற்றுக்கிழமையை நம்பிக் கட்டிய ஒழுங்கு, ஒரு கலியாணக் கார்ட் வந்தாலே ஆட்டம் காணும்.

தனியாள் உத்தியோகத்தருக்கும், பிள்ளையில்லாத புதுக்குடும்பத்துக்கும் இந்த முறை போதும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன்.

நாளுக்கொரு வேலை

திங்கள் மலசலகூடம், செவ்வாய் படுக்கை விரிப்பு என்று போகும் நேரசூசி. இதன் பலவீனம் பார்த்தாலே தெரியும். செவ்வாய்க்கிழமை வேலை தவறினால் புதனுக்கு இரண்டு வேலை. வியாழன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வெள்ளிக்கு மூன்று. இரண்டாம் கிழமை அந்தக் கடதாசியைப் பார்க்கவே மனம் வராது, மூன்றாம் கிழமை அது தானாகவே கழன்று விழும்.

இதைக் காப்பாற்ற ஒரே வழி, தவறியதை அடுத்த நாளுக்கு ஏற்றாமல் விடுவது. செவ்வாய் தவறினால் படுக்கை விரிப்பு அடுத்த செவ்வாய்தான். இரண்டு கிழமை ஒரே விரிப்பில் படுத்தால் ஒன்றும் குடி முழுகாது.

கிழமை வேலை ஒன்றுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அது நுளம்பு. டெங்கு பரப்பும் நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற பருவத்துக்கு வர ஏறக்குறைய ஏழிலிருந்து பத்து நாள் எடுக்கும். கிழமைக்கு ஒருமுறை தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால் அந்தச் சங்கிலி அறும், பத்து நாளைக்கு ஒருமுறை கவிழ்த்தால் அறாது. மாரியில் தண்ணீர் எங்கெல்லாம் தேங்குகிறது என்று ஒரு தரம் வளவைச் சுற்றிப் பாருங்கள். சிரட்டை, தயிர்ச் சட்டி, பிள்ளைகள் விளையாடிப் போட்ட யோகட் கப், பூச்சாடிக்குக் கீழே வைத்த தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத் தட்டு, அடைபட்ட பீலி. கிணறு உள்ள வீட்டில் வலை போட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நுளம்பு பெருகுவதைத் தடுக்க 2007இலேயே தனிச் சட்டம் வந்திருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குடம்பி கண்டால் நீதிமன்றம் போக வேண்டி வரும். ஆகவே நேரசூசியில் ஒரே ஒரு வரிதான் எழுதுவேன் என்கிறவர்கூட இந்த வரியை எழுதட்டும். வெள்ளிக்கிழமையை வைத்துக்கொள்வது சுகம். எப்படியும் விளக்கு வைக்க வளவு கூட்டுகிற நாள்தான்.

தினமும் கொஞ்சம்: உடுப்புக் கணக்கு

பழுதாகிப்போகிற வேலைகளுக்கு இதைத் தவிர வேறு முறை கிடையாது. சமையலும் பாத்திரமும் பற்றி நான் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. இராத்திரிக்கு இடியப்பமோ பிட்டோ ஊரில் அவித்து விற்கிற அக்காமாரிடம் வாங்கிக்கொள்வதை இன்னும் சிலர் குறையாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மா குழைத்து, உரலில் பிழிந்து, தட்டுத் தட்டாய் அவித்து எடுக்கிற நேரத்தில் மூன்று பிள்ளையின் வீட்டுவேலைக் கொப்பியும் பார்த்து முடிக்கலாம். சம்பலும் சொதியும் நம் கையால் இருந்தால் போதும்.

உடுப்பு விசயத்தில்தான் உண்மையான தெரிவு இருக்கிறது. மெஷின் வாங்குவதா, கையால் தோய்ப்பதா என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னம் சோடியை எண்ணுங்கள்.

பிள்ளைக்கு இரண்டு சோடி சீருடை இருந்தால், திங்கள் போட்டதைப் புதன் காலையில் திரும்பப் போட வேண்டும். திங்கள் பின்னேரம் தோய்த்தால் காய்வதற்கு இடையில் ஒரு பகலும் இரண்டு இரவும். மழைக்காலத்தில் அது போதாது. மூன்று சோடி இருந்தால் திங்கள் போட்டது வியாழன் காலையில்தான் தேவை. இரண்டு பகல், மூன்று இரவு கிடைக்கும். விறாந்தைக் கயிற்றில், மின்விசிறிக் காற்றில் அது காய்ந்துவிடும். மூன்றாவது சோடி தைக்கிற செலவு மெஷின் விலையில் ஒரு மூலைக்கும் வராது. மாரிக்கு அதைவிடப் பெரிய காப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை.

அப்புறம் மெஷின். கடைக்குப் போனால் முழுத் தானியங்கியைத்தான் முதலில் காட்டுவார்கள். உடுப்பைப் போட்டு ஒரு பட்டனை அமத்திவிட்டுப் போகலாம், அது பெரிய விசயம்தான். ஆனால் அதற்குக் குழாயில் ஓரளவு அழுத்தத்தோடு தண்ணீர் வர வேண்டும். தாழ்வான தாங்கியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு அது அரை மணித்தியாலம் நிரம்பிக்கொண்டே நிற்கும், சிலது பிழை காட்டி நின்றே விடும். தோய்த்துக்கொண்டிருக்கையில் கரண்ட் போனால், முன்பக்கக் கதவு உள்ள மெஷினில் உடுப்பும் நுரையும் உள்ளே பூட்டுப்பட்டுக் கிடக்கும்.

இரண்டு தொட்டி உள்ள செமி ஓட்டோமெட்டிக்கில் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். தோய்க்கிற தொட்டியிலிருந்து பிழிகிற தொட்டிக்குக் கையால் மாற்ற வேண்டும். ஆனால் கிணற்றில் அள்ளி வாளியால் ஊற்றினாலும் அது வேலை செய்யும். விலையும் குறைவு. முதலில் வெள்ளை, அதே சவர்க்காரத் தண்ணீரில் நிற உடுப்பு, கடைசியாகத் தரை துடைக்கிற துணி என்று ஒரு தண்ணீரை மூன்று தரம் பாவிக்கலாம். என்னைக் கேட்டால், கிணற்றையும் மோட்டரையும் நம்பியிருக்கிற வீட்டுக்கு இதுதான். கையால் தோய்த்தால்தான் கொலர் வெளுக்கும் என்கிற அம்மா வீட்டில் இருந்தாலும் பரவாயில்லை. அவர் கையால் தோய்க்கட்டும், பிழிகிறதை மட்டும் மெஷின் செய்யட்டும். மாரியில் அந்தப் பிழிகிற தொட்டியைத் தேடித்தான் எல்லோரும் வருவார்கள். சொட்டச் சொட்டக் கயிற்றில் போட்ட காற்சட்டைக்கும், சுழற்றிப் பிழிந்து போட்டதற்கும் காய்கிற நேரத்தில் ஒரு பகல் வித்தியாசம் வரும்.

தண்ணீரைப் பற்றி இன்னொரு சங்கதி. வாளியின் ஓரத்தில் செம்பழுப்பாகப் படிகிற கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. வெள்ளை உடுப்பு மஞ்சளாகிறதே என்று குளோரின் வெளுப்பான் ஊற்றுவார்கள், அது இரும்புக் கறையை இன்னும் இறுக்கிவிடும். தேசிக்காய்ப் புளியும் உப்பும் பூசி வெயிலில் வைத்தால் கறை இளகும். நீலம் போடுவது மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்கும், இரும்பை எடுக்காது. குழாய்த் தண்ணீர் வருகிற வீடென்றால் வெள்ளையை மட்டுமாவது அதில் தோய்ப்பது நல்லது.

கரண்ட் பில்லுக்குப் பயந்து மெஷின் வாங்காதவர்களுக்கு ஒரு கணக்கு. பச்சைத் தண்ணீரில் ஒரு தரம் தோய்க்க மெஷினுக்குக் கால் யூனிட் அளவில்தான் போகும். 1,000 வாட் அயன் பெட்டி தொடர்ந்து சூட்டில் நின்றால் ஒரு மணித்தியாலத்தில் ஒரு யூனிட். ஒவ்வொரு காலையும் 'இந்தச் சட்டை மட்டும்' என்று அதைச் சூடாக்குவதுதான் பில்லை ஏற்றுகிறது, காலை நேரச் சண்டைக்கும் பாதிக் காரணம் அதுதான். மூன்று சோடிக் கணக்குக்கு ஞாயிறு இரவும் புதன் இரவும் என்று இரண்டு தரம் அயன் பண்ணினால் சரியாக வரும். மின்சாரக் கட்டணம் மாதம் 60 யூனிட்டைத் தாண்டியதும் வேறு வகைக்குப் போய், 90, 120, 180 என்று படிப்படியாக ஏறுவது எல்லோருக்கும் தெரிந்ததே. படியின் ஓரத்தில் நிற்கிற வீட்டுக்கு இந்த அயன் கணக்கு பெரிய கணக்கு.

ஆள் வைப்பது

காசு இருந்தால் இதுதான் முடிவு என்று நினைக்கத் தோன்றும். காலையில் ஒரு அக்கா வந்து கூட்டித் துடைத்து, பாத்திரம் கழுவி, உடுப்புத் தோய்த்துப் போட்டுவிட்டுப் போனால் கந்தோருக்கு ஒரு ஆளாகப் போய்ச் சேரலாம். நம்பிக்கையான ஆள் கிடைப்பதும் லேசில்லை. கை சுறுசுறுப்பான பல பெண்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் போய்விட்டார்கள், அங்கே கிடைக்கிற சம்பளத்தை இங்கே யாரும் கொடுக்கப்போவதில்லை.

ஆனால் என் அளவுகோலில் இது விழுகிற இடம் வேறு. மழை கொட்டுகிற கிழமையில் நம் வளவில் கணுக்கால் தண்ணீர் என்றால் அவர் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நிற்கும். நம் பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிற நாளில் அவர் பிள்ளைக்கும் வரும். நமக்கு ஆள் மிகவும் தேவைப்படுகிற கிழமைதான் அவரால் வர முடியாத கிழமை. அவர் மேல் கோபப்பட அதில் ஒன்றுமில்லை. அந்தக் கிழமைக்குச் சம்பளம் வெட்டுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

ஆகவே ஆள் வைப்பதென்றால், தினசரி வேலையை முழுக்க அவர் தலையில் கட்டாமல், ஒத்திப்போடக்கூடிய கிழமை வேலைகளைக் கொடுப்பதுதான் புத்தி. கிழமைக்கு இரண்டு நாள் வந்து மலசலகூடம், தரை, ஜன்னல், படுக்கை விரிப்பு. ஒரு கிழமை வராவிட்டாலும் வீடு நின்றுவிடாது, அவருக்கும் நெருக்கடியில்லை. இன்னொன்று: பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதுப் பிள்ளையை 'வீட்டோட நிக்கட்டும்' என்று யாராவது கொண்டுவந்து விட்டால், மறுத்துவிடுங்கள். 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் அது சரியில்லை.

வீட்டுக்குள்ளே பங்கு பிரிப்பது

செலவில்லாத வழி இதுதான், செய்யக் கடினமானதும் இதுதான்.

மட்டக்களப்பு வீடுகளில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்தவர். எத்தனை வருசம் போனாலும் மாமியாருக்கு அவர் மருமகன்தான், பாதி விருந்தாளி. அவர் தும்புத்தடியைத் தொட்டால் போதும், "விடுங்க மகன், அவள் வந்து கூட்டுவாள்" என்று மாமி ஓடி வந்து பறிப்பார். மனிசனும் பெரிதாக அடம் பிடிக்கமாட்டார் என்பது வேறு கதை. நல்ல மனம் உள்ள மனிசனையும் கதிரையில் உட்கார்த்தி வைக்கிறது அந்தப் பாசம்.

மாமியோடு கொள்கை பேசி இதை வெல்ல முடியாது. அவர் கண்ணுக்கு உறுத்தாத வேலைகளை முழுதாகக் கையளிப்பதுதான் வழி. உதாரணத்துக்கு மீன். சந்தைக்குப் போய் மீன் வாங்குவது நம் ஊரில் ஆண்கள் செய்கிற வேலைதான், அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. வாங்குவதோடு நிறுத்தாமல் அதன் முடிவுவரை கொண்டுபோக வேண்டும். பாரையோ சூரையோ வெட்டிக் கழுவி, ஒரு நேரக் கறிக்கு எவ்வளவோ அந்த அளவில் பெட்டி பெட்டியாகப் பிரித்து, உறைய வைத்து, பெட்டி குறைந்ததைத் தானே கண்டு அடுத்த சந்தைக்குப் போவது. கீரிமீனும் இறாலும் வாங்கி வந்தால் அதை உரிக்கிறவரும் அவரே என்று வைத்துவிட்டால், எதை வாங்குவது என்கிற தெரிவும் தானாகத் திருந்தும். அதே மாதிரி மோட்டர், தாங்கி, குப்பை தரம் பிரித்து வண்டிக்கு வைப்பது, வெள்ளிக்கிழமை நுளம்புச் சுற்று, இரவு அயன். எல்லாம் மாமி கண்ணில் ஆம்பிளை வேலையாகவே தெரியும்.

இங்கே முழு வேலையாகக் கொடுப்பதுதான் முக்கியம். "கொடியில கிடக்கிற உடுப்பைக் கொஞ்சம் எடுங்க" என்று நாளும் சொல்லி வாங்கும் வேலையில் கைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், மண்டைக்குக் கிடைக்காது. மழை இருட்டுகிறதா, கொடியில் என்ன கிடக்கிறது, யாரிடம் சொல்வது என்று நினைத்துக்கொண்டிருப்பவர் அதே ஆள்தான். பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். மூத்தவனுக்கு ஒன்பது பத்து வயது ஆகிவிட்டால் வெள்ளைச் சப்பாத்து மூன்று சோடியும் அவன் பொறுப்பு. சனிக்கிழமை தோய்த்து, கடதாசி அடைத்துக் காய வைத்து, ஞாயிறு வெள்ளை பூசுவது. "மறுகா செய்றன்" என்பான். செய்யாவிட்டால் திங்கள் காலை மண்ணிறச் சப்பாத்தோடு வாசலில் மாணவத் தலைவர் முன்னால் நிற்பான். அதை ஓடிப்போய்த் துடைத்துவிடக் கூடாது. கஷ்டம்தான், ஆனால் ஒரு தரம் நின்றால் போதும்.

அம்மா? பிள்ளைகளுக்குச் சோறு கொடுப்பதும் ரியூசனுக்கு அனுப்புவதும் ஏற்கெனவே அவர்தான். அதற்கு மேல் தினசரி வேலையையும் அவர் தோளில் வைத்து 'எங்கட வீட்டில பிரச்சினையே இல்ல' என்று சொல்லும் குடும்பங்கள் நிறைய. அறுபது தாண்டிய முழங்காலுக்குப் பிரச்சினை இருக்கிறது, அது வாய் திறந்து சொல்லாது. அம்மாவை மாரிக் கிழமைக்கான கையிருப்பாக வைத்துக்கொள்வதுதான் நியாயம். வெயில் நாட்களில் அவரை விட்டுவிட்டால், மழை நாளில் கேட்க நமக்கும் வாய் இருக்கும்.

மாரியைத் தாங்குவதில் பங்கு பிரித்த வீடுதான் முன்னுக்கு நிற்கிறது. ஒருவர் படுத்தால் ஒருவர் பங்குதான் நிற்கும், முழு வீடும் நிற்காது. மீன் பெட்டிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டியதை யாரும் மறந்திருக்கமாட்டோம். திறக்காமல் விட்டால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்ப்பகுதி நாலு மணித்தியாலம் வரை குளிரை வைத்திருக்கும். நிறைந்த உறைபெட்டி ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள்தான். இடம் வெறுமையாக இருந்தால் போத்தலில் தண்ணீர் நிரப்பி உறைய வைத்துவிடுங்கள்.

எங்கே எழுதி வைப்பது

போனில் இதற்கென்று செயலிகள் இருக்கின்றன. அவற்றில் மனைவி எழுதுவார், மனைவியே பார்ப்பார். வட்ஸ்அப் குழுவில் போட்டால் மூன்று குட்மோர்னிங் படத்துக்குக் கீழே போய்விடும். குசினிச் சுவரில் தொங்குகிற கலண்டர் போதும். எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளையும் அம்மம்மாவும் பார்க்கிற இடம் அது ஒன்றுதான்.

அப்போ எதைத் தெரிவது

இரண்டு பேரும் வேலைக்குப் போய், அம்மாவும் வளவில் இருக்கிற வீட்டுக்கு: பங்கு பிரிப்பு முதல், மூன்றாவது சோடி அடுத்தது, செமி ஓட்டோ மெஷின் மூன்றாவது. நேரசூசியில் நுளம்போடு சேர்த்து நாலைந்து வரிக்கு மேல் வேண்டாம். மிச்சக் காசு இருந்தால் கிழமைக்கு இரண்டு நாள் ஆள்.

இடமாற்றம் கிடைத்து அம்பாறைக்கோ அக்கரைப்பற்றுக்கோ போய் வாடகை வீட்டில் இருக்கிற ரீச்சர் குடும்பத்துக்கு அம்மா என்கிற கையிருப்பு கிடையாது. அவர்கள் ஆளுக்கான காசை முதலில் ஒதுக்கட்டும், மெஷின் பிறகு. அதிலும் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளோடு பின்னேரம்வரை நிற்கக்கூடியவரைத் தேட வேண்டும். தரை தானாகக் காத்திருக்கும்.

கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு முதல் ஆறு மாதம் எந்த ஒழுங்கையும் நான் சொல்லப்போவதில்லை. பழுதாகிற மூன்று வேலையும் நடந்தால் அந்த நாள் வெற்றி. பெத்த வீட்டில் யார் வந்து பார்த்தாலும் பார்க்கட்டும்.

புருசன் கட்டாரில், மனைவி தனியாகப் பிள்ளைகளோடு என்றால் பங்கு பிரிப்புக்குப் பெரிய ஆள் இல்லை. அங்கே காசுதான் அவர் பங்கு. அவர் அனுப்புகிறதில் மாசம் ஒரு தொகையை வீட்டு வேலைக்கென்றே ஒதுக்கி, இரவுச் சாப்பாட்டில் பாதியை வெளியில் எடுத்து, மெஷினை முதல் சாமானாக வாங்குவது நல்லது. ஹோல் செட்டியும் பெரிய ரி.வியும் அடுத்த லீவுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.